எடுக்கக் கூடாத பந்து

பேர்லேண்ட், டெக்சஸ்
16 ஏப்ரல் 2025, புதன்

கண்ணா,

போன்ல கூப்பிட்டா நீ மீட்டிங்ல இருப்பே, இல்லேன்னா ரயில்ல இருப்பே. கடுதாசின்னா எப்ப வேணா படிக்கலாம், பதில் போட்டே ஆகணும்னு இல்லை. அதுக்காகத்தான் எழுதறேன். வேற காரணம் ஒண்ணும் இல்லை.

திங்கட்கிழமை வருஷப் பிறப்பு. நீ கூப்பிடலை. பரவாயில்லை. வேப்பம்பூ பச்சடி உனக்கு எப்பவுமே ஆகாது, உன் பங்கையும் அப்பாவே சாப்பிட்டார். மீனாட்சி கோயில்ல செருப்பு வைக்கக்கூட இடமில்லை. பாதிப் பேர் ஹூஸ்டன் காலேஜ் டீமோட சிவப்புச் சட்டை. பாஸ்கெட்பால் ஃபைனல் தோத்து ஒரு வாரம் கழிச்சும் வாசல்ல நின்னு, கடைசிப் பந்து கைக்கு வந்த நம்ம பையனைப் பத்தி அதே பேச்சுதான், "ஷார்ப் ஏன் போடலை, ஷார்ப் ஏன் போடலை." ஒருத்தருக்கும் ஆட்டம் தெரியலை. அந்த எரிச்சல்லதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 5 சனிக்கிழமை செமிஃபைனல்ல டியூக்கை ஜெயிச்சப்போ நாலு தடவை கூப்பிட்டே. ரெண்டாம் பாதியில 14 பாயிண்ட் பின்னால இருந்து, கடைசி 35 விநாடி இருக்கும்போதும் 6 பின்னால இருந்து, 70-67. "அம்மா, எங்க காலேஜ்மா"ன்னு நீ கத்தினதுல அப்பா எழுந்து வந்துட்டார். எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமா? நீ ஆடினா மாதிரி. ஏப்ரல் 7 திங்கட்கிழமை ஃபைனல் முடிஞ்சதும் உன்கிட்டேருந்து வந்தது ஒரே வார்த்தை: "பார்த்தேன்." அதுக்கப்புறம் ஒன்பது நாளா ஒண்ணுமில்லை. ஆட்டம் தோத்ததுக்கு ஒன்பது நாள் யாரும் பேசாம இருக்கறதில்லை. சரி, அது போகட்டும்.

ஆட்டத்துக்கு வரேன். ஃப்ளோரிடா 65, ஹூஸ்டன் 63. பாதி நேரத்துல நாம 31-28. ரெண்டாம் பாதி ஆரம்பத்துல 12 பாயிண்ட் முன்னால. மொத்தம் 40 நிமிஷத்துல ஃப்ளோரிடா முன்னால இருந்தது 64 விநாடிதான். தோத்ததை விட இந்தக் கணக்குதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குது.

முதல்ல நல்லா செஞ்சதைச் சொல்றேன், ஏன்னா அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. ஃப்ளோரிடாவோட வால்டர் கிளேட்டன் செமிஃபைனல்ல ஆபர்ன்மேல 34 பாயிண்ட் போட்டவன். அவனுக்கு முதல் பாதியில பூஜ்யம். அது அதிர்ஷ்டம் இல்லை. அவனுக்காக ஸ்க்ரீன் வைக்க, அதாவது நம்ம ஆளை மறிச்சு நிக்க, ஒருத்தன் வந்தாலே நம்ம பசங்க ரெண்டு பேரும் பந்துமேல பாய்வாங்க, ஸ்க்ரீன் வச்சவனைக் காவல் காக்கறவனும் சேர்த்து. கிளேட்டனுக்குக் கூடையும் தெரியாது, பாஸ் போற வழியும் தெரியாது. மத்த மூணு பேர் மிச்சம் நாலு பேரைப் பார்த்துக்கணும். ஒருத்தன் அரை அடி லேட்டானாலும் மொத்தமும் கிழிஞ்சிடும். நம்ம கோச் கெல்வின் சாம்ப்சன் 2014-லேருந்து இதைத்தான் சொல்லிக் கொடுக்கறார். ஆனா இந்த வேலை காலைத் தின்னும். 30 நிமிஷம் பாய்ஞ்சவன் 38-வது நிமிஷத்துல அரை அடி லேட்டாத்தான் வருவான். கிளேட்டன் தன்னோட 11 பாயிண்டையும் ரெண்டாம் பாதியிலதான் எடுத்தான். நாம அவனைத் தடுத்த விலையை நாமதான் கடைசியில கொடுத்தோம்.

கடைசி நிமிஷம் உனக்கே தெரியும், ஆனாலும் வரிசையா எழுதறேன். 46 விநாடி இருக்கும்போது ஃப்ளோரிடாவோட அலைஜா மார்ட்டின் ரெண்டு ஃப்ரீ த்ரோவும் (ஃபவுலுக்குக் கிடைக்கற தனி ஷாட்) போட்டான், அவங்க 64-63. அடுத்தது நம்ம பந்து, ஷார்ப் உள்ளே போறான், அவங்க வில் ரிச்சர்ட் தட்டி விட, ஷார்ப் காலிலேயே பட்டு வெளியே போச்சு. கடிகாரத்தை நிறுத்த நாம ஃபவுல் பண்ணினோம். அவங்க டென்செல் அபர்டீன் ரெண்டுல ஒண்ணு போட்டான், 65-63. கிட்டத்தட்ட 20 விநாடி பாக்கி. அந்தச் சனிக்கிழமையும் கிட்டத்தட்ட அதே 20 விநாடியிலதான் நம்ம ஜெவான் ராபர்ட்ஸ் ரெண்டும் போட்டு டியூக்கைத் தாண்டினான். கடிகாரம் அதேதான்.

இப்ப அந்தக் கடைசிப் பந்து. நான் பதினஞ்சு இருபது தடவை பார்த்துட்டேன், மெதுவா ஓட்டியும் பார்த்தேன். மூணு பாயிண்ட் கோட்டுக்கு வெளியே ஷார்ப் கைக்குப் பந்து வருது. இன்னும் நாலஞ்சு விநாடி இருக்கு. வாங்கின உடனே எம்பிட்டான். அவன் எம்பின அதே நேரம் கிளேட்டன் பக்கவாட்டுலேருந்து பறந்து வரான், கை முகத்துக்கு நேரா. இப்ப காத்துல இருக்கறவனுக்கு ரெண்டே வழி: போடணும், இல்லேன்னா பாஸ் கொடுக்கணும். பந்தோட கீழே இறங்கினா டிராவலிங்னு தப்பு, பந்து அவங்களுக்குப் போயிடும். போட்டா தடுத்துடுவான்னு தோணிருக்கு, பாஸ் கொடுக்க யாரும் இல்லை. விட்டுட்டான். பந்து தரையில.

கோயில் வாசல்ல கேக்கறாங்க, "கீழே விழுந்ததை எடுத்திருக்கலாமே"ன்னு. எடுக்கக் கூடாது. பந்தைப் பிடிச்சு எம்பி, தானா விட்டுட்டு, மறுபடி தானே முதல்ல தொட்டா அதுவும் டிராவலிங்தான். வேற யாராவது தொடணும். அதான் அவன் குனிஞ்சு, கையை விரிச்சு, எதிராளியைத் தள்ளி வச்சுக்கிட்டு, நம்ம ஆள் ஒருத்தன் வர மாட்டானான்னு நிக்கறான். கால் கிட்டேயே துள்ளுது பந்து. ஒரு துள்ளல், ரெண்டு துள்ளல். ஃப்ளோரிடாவோட அலெக்ஸ் காண்டன் பாய்ஞ்சு விழுந்து அமுக்கிட்டான். முடிஞ்சது.

ஹூஸ்டன் டீம் எதுக்குப் பேர் போனது? தரையில கிடக்கற பந்துமேல விழறதுக்கு. கூடையை மூடி போட்டு அடைச்சுட்டு, எந்தப் பந்தும் உள்ளே போகாதபடி வச்சு, எகிறி வர பந்துக்காக, ரீபவுண்டுக்காக, அடிச்சுக்க விடுவாங்க பிராக்டிஸ்ல. அந்தப் பையனுக்கு விழுந்து எடுக்கத் தெரியாதா? விழக் கூடாத ஒரே ஒரு பந்து அவன் வாழ்க்கையில அதுதான்.

என்ன பண்ணிருக்கணும்? எம்பிருக்கவே கூடாது. முதல் விஷயம், பின்தங்கினது 2 பாயிண்ட், மூணு பாயிண்ட் ஷாட் தேவையே இல்லை, சமம் பண்ணினா போதும். ரெண்டாவது, பந்து வரும்போதே முட்டி மடங்கி இருக்கணும், பந்து மார்புக்கும் இடுப்புக்கும் நடுவுல. அங்கேருந்து நெத்தி வரைக்கும் பந்தைத் தூக்கணும், கண்ணும் கூடையைப் பார்க்கணும், ஆனா பாதம் ரெண்டும் தரையில. போடற மாதிரி பாவனை, அதுக்குப் பேர்தான் பம்ப் ஃபேக். முட்டி நிமிரவே கூடாது, அதுதான் சூட்சுமம். முட்டி நிமிர்ந்துட்டா அப்புறம் பந்தைத் தரையில தட்டி நகரக் காலுக்கு வேகம் இருக்காது. ஓடி வரவன் நெத்தி வரைக்கும் வந்த பந்தைப் பார்த்துக் கட்டாயம் பறப்பான். கிளேட்டன் வந்த வேகத்துக்கு அவனே நினைச்சாலும் நிக்க முடிஞ்சிருக்காது. அவன் தாண்டினதும் பந்தை ஒரே ஒரு தட்டு, பக்கத்துல ஒரு அடி, 15 அடியிலேருந்து ஷாட். இவ்வளவுக்கும் ரெண்டு விநாடி போதும். கையில நாலு இருந்தது.

பாதம் தரையில. இதை உனக்கு நான் எத்தனை தடவை சொல்லிருப்பேன். முடிவு எடுக்கறவரைக்கும் பாதம் தரையில இருக்கட்டும்.

மார்ச் கடைசியில வரும்னு சொன்னியே அந்த விஷயம், அதை நான் கேக்கலை. பெரியப்பா கேட்டார். இன்னும் வரலைன்னு சொல்லி வச்சிருக்கேன். வந்திருந்தாலும் எனக்குச் சொல்லியே ஆகணும்னு இல்லை.

சாப்பிடறியா? சிகாகோவுல இன்னும் குளிர் இருக்கும், அந்த கம்பளிக் குல்லாவை எடுத்து உள்ளே வச்சுடாதே.

அந்த ஷார்ப் பையனோட அப்பா யார்னு உனக்குத் தெரியும்தானே? டெரிக் ஷார்ப். இஸ்ரேல்ல மக்காபி டெல் அவீவ் டீம்ல வருஷக்கணக்கா ஆடினவர், பையன் பிறந்ததே அங்கேதான். 2004-ல லிதுவேனியாவோட ஜால்கிரிஸ் டீமோட ஆட்டம், 3 பாயிண்ட் பின்னால, கிட்டத்தட்ட ரெண்டு விநாடி பாக்கி. மறுமுனையிலேருந்து எறிஞ்ச பந்தைப் பிடிச்சு, திரும்பி, போட்டார். உள்ளே. ஓவர்டைம் போய் ஜெயிச்சு, அந்த வருஷ யூரோலீக் கோப்பையும் அவங்களுக்கே. இன்னிக்கும் அந்த ஊர்ல அதைப் பேசறாங்க. அப்படிப்பட்ட அப்பாவுக்கு இப்படி ஒரு கடைசிப் பந்து விட்ட பிள்ளை. அன்னிக்கு ராத்திரி அவங்க ரெண்டு பேரும் என்ன பேசிருப்பாங்கன்னு ஒன்பது நாளா யோசிக்கறேன். நானா இருந்தா என்ன பேசிருப்பேன்னு எனக்குத் தெரியும். பம்ப் ஃபேக்கைப் பத்திப் பேசிருப்பேன்.

ஒன்பதாம் கிளாஸ்ல உனக்கு அந்த ஒன் அண்ட் ஒன், முதல் ஃப்ரீ த்ரோ உள்ளே போனாதான் ரெண்டாவது. முதல் ஷாட் குட்டையா விழுந்தது, ரெண்டாவது கிடைக்கலை. வீடு வர வரைக்கும் 288 ரோட்ல நான் உன் முழங்கையைப் பத்தியே பேசினேன். முழங்கை வெளியே போகுது, கூடைக்கு நேரா இருக்கணும், கட்டை விரல் தள்ளக் கூடாது, இடது கை பக்கத்துல சும்மா தாங்கணும். நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தே. அப்பா ரேடியோவைப் போட்டார், நான் அணைச்சேன். அடுத்த மாசம் ஷூவைக் கராஜ்ல வச்சே, படிப்பு ஜாஸ்தியாயிடுச்சுன்னே. நானும் நம்பின மாதிரி இருந்துட்டேன்.

போன வாரம் அப்பா எடுத்த அந்த வீடியோவைத் தேடி எடுத்தேன். கண்ணா, உன் முழங்கை நேராத்தான் இருக்கு. கையில ஒரு தப்பும் இல்லை. நாலாவது குவார்ட்டர், ஒரு நிமிஷம்கூட வெளியே உட்காராம ஆடிருக்கே, முட்டி மடங்கவே இல்லை. ஷாட் குட்டையா விழுந்தா கையைப் பார்க்கக் கூடாது, காலைப் பார்க்கணும். இருபது வருஷம் பந்து பிடிச்சவ நான், எனக்குத் தெரியும் அது. அன்னிக்கு உனக்குத் தேவைப்பட்டது ஒரு டைம்அவுட், அவ்வளவுதான். களைச்சுப் போன பிள்ளையை உட்கார வச்சு, இல்லாத தப்பை வீடு வரைக்கும் திருத்திக்கிட்டு வந்திருக்கேன்.

இப்ப இந்தக் கடுதாசியைத் திரும்பப் படிச்சுப் பார்க்கறேன். முக்கால்வாசி முட்டியும் பாதமும்தான் இருக்கு. கிழிச்சுப் போடலாம்னு பார்த்தேன். அப்புறம் வேற எழுதத் தெரியாதுன்னு விட்டுட்டேன்.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்லை. 1983-ல ஆல்புகெர்க்கியில ஒலாஜுவான், டிரெக்ஸ்லர் ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு 54-52-னு நார்த் கரோலினா ஸ்டேட்கிட்ட தோத்தாங்க, கடைசி விநாடியில, கூடைக்கு முன்னாலயே குட்டையா வந்த பந்தை லொரென்சோ சார்லஸ் பிடிச்சு உள்ளே திணிச்சான். மறு வருஷம் சியாட்டில்ல ஜார்ஜ்டவுன்கிட்ட 84-75. அப்புறம் ஃபைனலுக்கு வரவே 41 வருஷம். வந்தும் ரெண்டு பாயிண்ட்.

பார்சல்ல பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஒரு டப்பா முறுக்கு. புளிக்காய்ச்சலை வெளியே வைக்காதே, எண்ணெய் குறைச்சல் இந்தத் தடவை. மே மாசக் கடைசியில மூணு நாள் லீவு வருதே, டிக்கெட் நான் போடறேன், வேணாம்னா ரத்து பண்ணிக்கலாம், அந்த மாதிரி டிக்கெட்தான் பார்த்து வச்சிருக்கேன். வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பெரியப்பாவை நான் பார்த்துக்கறேன்.

கராஜ்ல உன் பழைய பந்து சப்பையாக் கிடந்தது. ஊசியைத் தண்ணில நனைச்சுட்டுத்தான் செருகினேன், காஞ்ச ஊசியைக் குத்தினா வால்வு கிழிஞ்சிடும். 8 பவுண்டு காத்து. தலை உயரத்துலேருந்து விட்டுப் பார்த்தேன், இடுப்புக்கு மேல எழும்புது. ராத்திரி வச்சுட்டுக் காலையில அமுக்கிப் பார்த்தேன், இறங்கலை. உள்ளே போற கதவு கிட்ட வச்சிருக்கேன்.

அம்மா