நிலாவெளிப் பட்டறைக்கு வயர் இழுக்குமுன்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மச்சான்,

உன் மரவேலைப் பட்டறைப் படம் கிடைத்தது. தகரம் போட்டாச்சு, சுவர் பூசியாச்சு, இனிக் கரண்ட்தான் என்கிறாய். வாட்ஸ்அப்பில் பேசினால் அளவுகள் காதில் தங்காது, அதனால்தான் கடிதம். இங்கே கச்சான் காற்று கதவைப் போட்டு அடிக்குது. உன் வளவு மணலும் இப்போ நன்றாய்க் காய்ந்திருக்கும். எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு, அதைச் சோதிக்க இதுதான் காலம். மாரியில் அளந்தால் நல்ல எண் காட்டி ஏமாற்றும்.

மின்சார சபை தருவது லைனும் நியூட்ரலும்தான், எர்த் நம் வளவு மண்ணில் எடுப்பது. காய்ந்த மணலில் 1.2 மீட்டர்க் கம்பி ஒன்றை மட்டும் அடித்தால் நூற்றுக்கணக்கான ஓம் தடை வரும். சரி, நல்லதாய் 50 ஓம் என்றே வை. லைன் வயர் வாள் மோட்டாரின் உடம்பில் பட்டால் ஓடுவது 230-ஐ 50-ஆல் வகுத்தது, 5 ஆம்பியர்கூட இல்லை. கரண்ட் மிஞ்சினால் துண்டிக்கும் 16 ஆம்பியர் பிரேக்கர் அசையாது, மோட்டார் உடம்பில் கரண்ட் அப்படியே நிற்கும். அந்த இடத்தில் காப்பாற்றுவது, கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். 200 ஓமுக்கு மேல் போனால் அந்த எர்த்தை நம்ப ஏலாது. கப்ளிங் போட்டு இரண்டு கம்பியை 2.4 மீட்டருக்கு இறக்கு. ஈரமணலைத் தொட்டதும் ஓம் விழும். குழியில் உப்புக் கொட்டச் சொல்வார்கள். கேளாதே, அது கம்பியையும் கிளாம்பையும் தின்றுவிடும். இந்த எர்த்தை வீட்டு எர்த்தோடும் சேர்த்துக் கட்டு.

வீட்டிலிருந்து பட்டறை 18 மீட்டர் என்றாய். 7/1.04 வயர் (1.04 மில்லிமீட்டர் இழை ஏழு) எடு, எர்த்தும் அதே தடிப்பு. 20 ஆம்பியர் ஓடும்போது அதில் 2.6 வோல்ட் குறையும், 7/0.67 என்றால் 6.5 வோல்ட். வாள் மோட்டார் கிளம்பும் நேரம் ஐந்தாறு மடங்கு இழுக்கும், அப்போ அந்த வித்தியாசம் உறுமலிலேயே தெரியும். நிலத்துக்குள் 2 அடி ஆழத்தில் பிவிசி குழாயில் கொண்டு போ. வீட்டு மெயின் சுவிட்சுக்குப் பின்னால், வீட்டு ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால், தனி 25 ஆம்பியர் பிரேக்கரும் 100 மில்லி ஆம்பியர் தாமத வகை ட்ரிப்பும் போட்டு எடுக்க வேணும். வீட்டு ட்ரிப்புக்குப் பின்னால் எடுத்து 30 மில்லி இரண்டு வரிசையில் நின்றால் பட்டறையில் ஒரு கசிவுக்கு வீட்டுப் பிரிட்ஜும் சேர்ந்து நிற்கும். இந்த இணைப்பை மட்டும் அனுமதிப்பத்திரமுள்ள ஆளிடம் விடு, மீட்டர் சீல் பக்கம் கை வைக்காதே.

பட்டறையில் பிரேக்கர்கள் வைக்கும் பெட்டி 8 வழி காணும். 40 ஆம்பியர், 30 மில்லி ட்ரிப் சுவிட்ச். வாளுக்கு இப்போதைக்கு 16 ஆம்பியர் 'சி' வகை என்று வை. 'பி' வகை தன் ஆம்பியர் அளவின் மூன்று மடங்கிலேயே விழத் தொடங்கும், 'சி' ஐந்து மடங்குக்குக் கீழே உடனே விழாது. 13 ஆம்பியர் பிளக்குகளுக்கு 20. விளக்குக்கு 6, அதுவும் அந்த 40 ஆம்பியர் ட்ரிப்புக்கு வெளியே, ட்ரிப்பும் பிரேக்கரும் சேர்ந்த தனித் துண்டாய். ட்ரிப் விழுந்தால் வாள் உடனே நிற்காது. இருட்டில் சுழலும் வாளுக்கு முன்னால் கை இருக்கக் கூடாது. அந்த விளக்கின் நியூட்ரல் அதன் துண்டுக்கே திரும்ப வேணும். தவறிப் பொது நியூட்ரல் பாரில் பூட்டினால் சுவிட்சைப் போட்டதும் ட்ரிப் விழும், நீ விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பாய்.

சுவரில் மூடி போட்ட கேசிங் பட்டி வேண்டாம், மூடியின் விளிம்பில் மரத்தூள் குந்தும். 20 மில்லிமீட்டர் உருண்டைக் குழாய், குழாயைப் பிடிக்கும் சாடிலுக்குத் துருப்பிடிக்காத திருகாணி, ஒரு குழாய்க்கு ஒரு சர்க்கிட். 7/0.67 தாங்குவது 24 ஆம்பியர் என்பது 30 பாகை வெப்பத்துக்குச் சொன்னது. தகரக் கூரைக்குக் கீழே 40 பாகை என்று எடுத்தால் 21 ஆகும், மூன்று சர்க்கிட்டை ஒன்றாய்த் திணித்தால் 14.6. பெட்டிக்குக் கீழ்ப்பக்கத்தால் வயரை ஏற்று, மேல் துளை தூளுக்கு வாசல்.

இனி, கையால் செய்கிற இடம். வயர் நுனியில் உறையை 12 மில்லிமீட்டர் சீவு, ஏழு இழையும் முழுதாய் இருக்குதா பார், முறுக்கு. பிரேக்கரின் திருகாணியை முழுதாய்த் தளர்த்தி, உள்ளே வயரைக் கவ்வும் கூட்டுக்குள்ளேதான் வயர் போகுதா என்று டார்ச் அடித்துப் பார். கூட்டுக்குப் பின்னால் நழுவினால் திருகாணி இறுகின மாதிரித்தான் இருக்கும், வயர் சும்மா நிற்கும். பிறகு சூடு, கருகல். இறுக்கினதும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார். பிளாஸ்டிக் உறை கூட்டுக்குள் கடிபட்டாலும் இதே கதைதான்.

கரண்ட் ஏற்றுமுன் மெயினை நிறுத்தி, விளக்குகளைக் கழற்றி 500 வோல்ட் மெகரால் (வயர் உறையின் தடையை அளக்கும் கருவி) அளக்கச் சொல். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் எங்கோ வயர் உரசியிருக்கு. உப்புக் காற்றில் ட்ரிப் சுவிட்ச் இறுகிப்போகும், மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்து.

வாள் மோட்டாரின் தகட்டைப் படமெடுத்து அனுப்பு. ஆம்பியர் எண்ணைப் பார்த்துத்தான் 16 காணுமா, 20 வேணுமா என்று சொல்ல ஏலும். அதுவரைக்கும் அந்தப் பிரேக்கரை மட்டும் வாங்காதே.

அன்புடன்,
உன் மச்சான்