ஹியூகனாட் மூதாதையைப் பெயரை வைத்துத் தேட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப வரலாறு தேடுவோரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இங்கிலாந்தில் பிரெஞ்சுச் சாயலுள்ள குடும்பப் பெயரைத் தாங்கியவர்கள் எல்லாரும் 1685-இல் பிரான்சை விட்டு ஓடிவந்த ஹியூகனாட் என்னும் புராட்டஸ்டண்டு அகதிகளின் வழிவந்தவர்களே என்று பொருள்படும் ஒரு வரி அதில் இருக்கிறது. இதே எண்ணத்தோடு தேடத் தொடங்கி இரண்டு ஆண்டுகளை வீணாக்கியவள் என்ற முறையில், அந்த வரியை மறுக்க வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

என் மருமகள் லண்டனில் பிறந்து வளர்ந்தவள். அவளது தந்தை வழிக் குடும்பப் பெயர் பேர்ட், அதாவது பறவை. தங்கள் மூதாதை லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் பட்டு நெய்தவர் என்றும், பிரான்சில் 'லுவாசோ' என்றிருந்த பெயரை இங்கே வந்ததும் அதே பொருளில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டார் என்றும் சம்பந்தி வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். இது நம்ப முடியாத கதையன்று. லெபிளாங் என்பவர் ஒயிட் ஆனதும் லெழேன் என்பவர் யங் ஆனதும் உண்டு. பேத்திகள் பள்ளியில் குடும்ப மரம் வரைய வேண்டியிருந்தபோது, ஆண்டில் பாதியை அங்கே கழிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியையான என்னிடம் இந்த வேலை வந்து சேர்ந்தது.

ஹியூகனாட்டுகள் என்போர் சமயச் சீர்திருத்தவாதியான கால்வினின் போதனையைப் பின்பற்றிய பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள். பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி 1598-இல் நான்ட் நகர ஆணையால் அவர்களுக்கு அளித்த உரிமைகளைப் பதினான்காம் லூயி 1685 அக்டோபரில் ரத்து செய்தார். மதம் மாற மறுத்த போதகர்கள் இரண்டு வாரத்துக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்றும், சாதாரண மக்கள் வெளியேறவே கூடாது என்றும் சட்டம். பிடிபட்ட ஆண்கள் துடுப்பு வலிக்கும் தண்டனையாகக் கப்பல்களுக்கும் பெண்கள் சிறைக்கும் அனுப்பப்பட்டார்கள். அப்படியும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் தப்பிச் சென்றார்கள். அவர்களில் சுமார் 50,000 பேர் இங்கிலாந்துக்கு வந்ததாகக் கணக்கிடுகிறார்கள். ஒளிந்து வந்தவர்களிடம் புறப்பாட்டுப் பத்திரம் எதுவும் இருக்காது என்பதையும், ஏறிய கப்பலின் பெயரைத் தேடுவது வீண் என்பதையும் புதிதாகத் தேடத் தொடங்குவோர் முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆனால் எல்லாரும் 1685-இல் வந்தவர்களல்லர். பிரான்சின் புவாத்தூ மாகாணத்துப் புராட்டஸ்டண்டுகளின் வீடுகளில் படைவீரர்களைக் குடிவைத்துக் கொடுமை செய்தது 1681-லேயே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர் அகதிகளுக்குக் கதவைத் திறந்ததும் அதே ஆண்டில்தான். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னதாகவே, ஸ்பானிய ஆட்சியிலிருந்த நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து பிரெஞ்சு பேசும் வலோனியர்கள் கேன்டர்பரியிலும் நாரிச்சிலும் குடியேறியிருந்தார்கள். லண்டன் திரெட்நீடில் தெருவின் பிரெஞ்சு திருச்சபை, ஆறாம் எட்வர்டின் சாசனத்தால் 1550-இல் தோன்றியது. இவர்களைத் தவிர, 1066-இல் வந்த நார்மன்கள், ஜெர்சித் தீவினர், 1789 புரட்சிக்கு அஞ்சி ஓடிவந்த கத்தோலிக்கர்கள் ஆகியோரும் பிரெஞ்சுப் பெயர் தாங்கியவர்களே. பெயரை மட்டும் பார்த்து இவர்களில் யார் என்று எவராலும் சொல்ல முடியாது.

நான் செய்த தவறு, கதையை உண்மையென்று வைத்துக்கொண்டு பிரான்சிலிருந்து கீழ்நோக்கி வந்தது. சந்தா கட்டிச் சேர்ந்த ஓர் இணையதளத்தில் யாரோ வரைந்து வைத்திருந்த மரத்தில், லுவாசோ என்னும் பிரபு ஒருவரோடு எங்கள் பேர்ட் குடும்பம் ஒரே தாவலில் இணைக்கப்பட்டிருந்தது. இடையில் வந்த மூன்று தலைமுறைகளுக்கு ஒரு சான்றும் இல்லை. சம்பந்தியோ ஒரு கடையில் பணம் கொடுத்து, அந்தப் பெயருக்குரிய குலச்சின்னம் என்று அவர்கள் எழுதித் தந்த வண்ணச் சுருளை வாங்கி வந்து கூடத்தில் மாட்டினார். ஒரு குலச்சின்னம் ஒரு மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியதே ஒழிய, அந்தப் பெயர் வைத்திருக்கும் அனைவருக்கும் பொதுவானதன்று என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பின்னர் முறைப்படி, தெரிந்தவரிடமிருந்து தெரியாதவரை நோக்கிப் பின்னோக்கி நடந்தேன். இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசே பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1 முதல். 1841 மக்கள்தொகைக் கணக்கு, ஒருவர் அதே மாவட்டத்தில் பிறந்தவரா என்பதை மட்டுமே சொல்லும். 1851-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் பிறந்த ஊரே எழுதப்பட்டது. லண்டனின் பெத்னல் கிரீனில் பேர்ட் குடும்பத்துப் பட்டு நெசவாளர் ஒருவர் அகப்பட்டார். அவருக்கு முந்தைய தலைமுறைகளைப் பாரிஷ் எனப்படும் உள்ளூர்ப் பங்கு ஆலயங்களின் பதிவேடுகளில்தான் தேட வேண்டும். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 1754-இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டப்படி, குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர மற்ற எல்லாரும் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயத்தில்தான் மணம் முடிக்க வேண்டும். அதனால் பிரெஞ்சு ஆலயங்களின் திருமணப் பதிவு அந்த ஆண்டோடு நின்றுபோகிறது. அதற்குப் பிந்தைய ஹியூகனாட் மணமக்கள், தமக்குக் கேட்ட ஒலியை வைத்து ஆங்கில எழுத்தர்கள் எழுதிய வேறு பெயர்களுக்குள் மறைந்து கிடக்கிறார்கள்.

பேர்ட் வழியோ எசெக்ஸ் மாவட்டத்து உழவுத் தொழிலாளர்களிடம் போய் முடிந்தது. அசல் ஆங்கிலேயர்கள், லுவாசோ எவரும் இல்லை. சம்பந்திக்கு முகம் வாடிவிட்டது. நானும் தேடலை அத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் 1770-களில் ஒரு பேர்ட் மணந்த பெண்ணின் பெயர் மாஸ்டர்ஸ் என்றிருக்க, அவளுடைய ஞானஸ்நானம் அக்கம்பக்கத்துப் பாரிஷ் பதிவு எதிலும் காணப்படாதது உறுத்திக்கொண்டே இருந்தது. ஏழைப் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளுக்காக 1718-இல் சாசனம் பெற்றுத் தொடங்கப்பட்ட பிரெஞ்சு மருத்துவமனையின் பழைய ஆவணங்களில், முதுமையில் அங்கே சேர்ந்த அவள் தாயின் பெயர் 'லெமெத்ர்' என்று இருந்தது. லெமெத்ர் என்றால் மாஸ்டர். கதை பொய்யன்று, ஆனால் அது வந்த வழி ஆண் வழியன்று, பெண் வழி.

அங்கிருந்து பிரெஞ்சு ஆலயப் பதிவேடுகள் கைகொடுத்தன. அவை 1840-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, இப்போது கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1885-இல் தொடங்கப்பட்ட ஹியூகனாட் சங்கம் அவற்றில் பெரும்பாலானவற்றை அச்சிட்டும் இருக்கிறது. பிரெஞ்சு வழக்கப்படி, மணமான பெண்ணையும் அவள் பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதுவார்கள். ஞானப்பெற்றோரின் பெயர்களும் இருக்கும். அக்காலத்து ஆங்கிலப் பாரிஷ் எழுத்தர் 'ஜானின் மனைவி மேரி' என்று எழுதி முடித்துவிடுகிற இடத்தில், பிரெஞ்சுப் பதிவின் ஒரே வரியிலிருந்து நான்கு குடும்பங்களைப் பிடித்துவிடலாம்.

அதே திரெட்நீடில் தெரு ஆலயத்தில், தாய்நாட்டில் படைவீரர்களுக்கு அஞ்சி மதத்தைக் கைவிட்டுப் பின்னர் தப்பி வந்தவர்கள் சபைக்கு முன்னால் எழுந்து நின்று வருத்தம் தெரிவித்ததைக் குறித்துவைத்த ஏடுகளும், வேறு சபைகளிலிருந்து கொண்டுவந்த நற்சான்றுகளைப் பதிந்த ஏடுகளும் உண்டு. 1687-ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றில் லெமெத்ர் குடும்பத்து மனிதர் ஒருவர், புவாத்தூவிலுள்ள தம் கிராமத்தின் பெயரோடு நிற்கிறார். எந்த மரத்திலும் எந்தச் சுருளிலும் கிடைக்காத ஊர்ப்பெயர் அந்த ஒற்றை வரியில் கிடைத்தது.

தேதிகளிலும் எச்சரிக்கை வேண்டும். இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியையே வைத்திருந்தது. சட்டப்படி ஆண்டு தொடங்கியதும் மார்ச் 25-இல்தான். பிரான்சின் புதிய நாட்காட்டியோடு 1680-களில் அதற்கிருந்த பத்து நாள் வித்தியாசத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், பிரான்சில் புறப்படுவதற்கு முன்பே ஒருவர் லண்டனுக்கு வந்து சேர்ந்துவிடுவார்!

ஹியூகனாட் தடம் நம் ஊருக்கும் முற்றிலும் அந்நியமன்று. பாரசீகம் சென்றுவந்த ழான் ஷார்தேன் என்ற ஹியூகனாட் நகை வணிகருக்கு இரண்டாம் சார்லஸ் நைட் பட்டம் அளித்தார். அவருடைய தம்பி டேனியல், புனித ஜார்ஜ் கோட்டையில் வைர வணிகம் செய்தவர். சென்னைக் கோட்டைப் பதிவுகளைப் புரட்டுவோர் இத்தகைய பெயர்களைக் கண்டால், போர்த்துகீசியர் என்றோ புதுச்சேரிக்காரர் என்றோ அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம்.

பேத்திகளை லண்டனின் பிரிக் லேன் தெருவுக்கு அழைத்துச் சென்று, லெமெத்ர் குடும்பத்தினர் சேர்ந்திருந்த சபையின் கிளை ஆலயத்தைக் காட்டினேன். சுவரிலுள்ள சூரியக் கடிகாரத்தில் 1743 என்ற ஆண்டு இன்னும் தெரிகிறது. பிரெஞ்சு ஆலயமாக எழுந்த அந்தக் கட்டடம் பின்னர் மெதடிஸ்ட் ஆலயமாகி, 1898 முதல் யூதர்களின் தொழுகைக் கூடமாகி, 1976 முதல் பள்ளிவாசலாக இருக்கிறது.

1685-க்கு முந்திய லெமெத்ர்களைப் புவாத்தூவின் ஆவணக் காப்பகங்களில்தான் தேட வேண்டும். ஆலயங்களோடு பதிவேடுகள் பலவும் அழிந்துபோன பகுதி அது. ஆனாலும் ஊரின் பெயர் கையில் இருக்கிறது. அடுத்த கோடையில் போவதாக மருமகளும் நானும் திட்டமிட்டிருக்கிறோம். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் லுவாசோ பிரபுவின் வண்ணச் சுருள் மட்டும் இன்னும் தொங்குகிறது. கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி