சட்டத்துக்கு விலை, சாமிக்கு இல்லை

ஆசிரியருக்கு,

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பழைய தொட்டிக்கட்டு வீட்டை இடித்தார்கள். பழைய சாமான் வாங்குபவர் சுவரிலிருந்து இறக்கிய படங்களைப் பிரித்து, தேக்குச் சட்டத்தையும் கண்ணாடியையும் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தார். காகிதம் குப்பைக்கு. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தாமரையில் நிற்கும் லட்சுமி. சேலைக் கரையில் யாரோ பொறுமையாகத் தைத்த சரிகையும் சமிக்கியும். அடியோரத்தில் பொடி எழுத்தில் ரவி வர்மா அச்சகத்தின் பெயர்.

1894-ல் மும்பையில் தொடங்கிய அச்சகம் அது. நிறத்துக்கு ஓர் அச்சுக்கல்லாக வரைந்து, காகிதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றி எடுத்த படங்கள். கோயிலுக்குள் விடப்படாதவர் வீட்டுக்கும் சாமி வந்தது இப்படித்தான்.

1792-ல் இங்கு வந்த ஆங்கிலேயரான டேனியல் ஓவியர்கள் வரைந்து, பின்னர் லண்டனில் அச்சிட்ட ராயக்கோட்டைப் படம் அங்கே பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. நம் பூஜையறைப் படங்களுக்கு ராமபாணப் பூச்சிதான் காவல்!

ஈரோடு, கோவை அரசு அருங்காட்சியகங்கள் கற்சிலைகளோடு இவற்றையும் வாங்கி வைக்கலாம். வீடு இடிப்பவர்கள் கொண்டுவந்து கொடுக்க ஓர் இடம் இருந்தால் போதும். என்னிடமுள்ள லட்சுமியை முதல் ஆளாக நானே தருகிறேன்.

– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்