பென்சில் கோடு

தாம்பரம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் மாம்பழக் கூடையும் ஒன்றாக வந்தன. கடிதத்தை அப்புறம்தான் பிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே.

எங்கள் படுக்கையறைக் கூரையில் டீக்கறை மாதிரி ஒரு வட்டம் என்று எழுதியிருந்தேனே, அது தீர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த பிறகு வந்த கறை. அதனால் எல்லாரும் மொட்டை மாடியைத்தான் கைகாட்டினார்கள். அங்கே 20,000 ரூபாய்க்கு நீர் கசியாமலிருக்க மருந்து அடித்தேன். கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதியும் எழுதிவைத்தேன். வீட்டில் சிரித்தார்கள். ஒரு சொட்டு மழையில்லாத சித்திரையில் கறை கோட்டைத் தாண்டியது!

அப்போதுதான் மேலே பையன் போர்ஷனின் பாத்ரூம் நினைவுக்கு வந்தது. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தொட்டியைப் பார்த்தோம், மட்டம் இறங்கவில்லை. ஆக, குழாய் சரி. பிறகு தண்ணீர் போகும் துவாரத்தைத் துணியால் அடைத்து, தரையில் இரண்டு விரல்கடை தண்ணீர் கட்டினோம். மறுநாள் சாயங்காலம் என் தலையணையில் சொட்டு. டைல்ஸ் இடுக்கில் ஒயிட் சிமெண்ட் போயிருந்தது. உடைத்தால், அடியில் போட்ட செங்கல் உடைசல் ஊறின அவலாகக் கிடக்கிறது. கீழே கூரையில் ஒரு கம்பி துருவேறிப் பருத்துக் காரையைத் தள்ளியிருந்தது.

உன் கும்பகோணத்து வீடு வேறு ரகம். கூடத்துச் சுவரில் இடுப்பளவு உப்பு பூக்கிறது, அதற்கு மேல் காய்ந்திருக்கிறது என்கிறாய். அது ஒழுகல் இல்லை, தரையிலிருந்து ஏறும் ஓதம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் ஈரத்தை இழுக்கிறது. ஈரம் காய்ந்தாலும் உப்பு தங்கிப் பூச்சை உரிக்கும். கொத்தனார் சொல்கிறாரே என்று சிமெண்ட் பூசிவிடாதே. உன் தாத்தா கட்டிய சுண்ணாம்புச் சுவர், மூச்சு விடும். அதை அடைத்தால் ஓதம் இன்னும் மேலே ஏறும். முதலில் கொல்லைப்பக்கம் போய், சுவரை ஒட்டி மண் மேடிட்டு உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா பார். இருந்தால் வெட்டி எடு. ஓட்டுத் தண்ணீர் சுவரடியில் தேங்காமல் வழி பண்ணு. சுவர் காய மாதக்கணக்காகும். அதற்குள் பெயிண்ட்டைத் தொடாதே.

அப்புறம், கமலா சுவரோரம் போட்டிருக்கும் கனகாம்பரப் பாத்திக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாளே, அதைத் தள்ளிப் போடச் சொல். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே.

உன்,
ராமு