வக்ஃபு வாடகைக் கட்டுரையும் இரண்டு மதிப்பாய்வாளர்களும்

கோம்பாக், கோலாலம்பூர்

அன்புள்ள காதர்,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் நிம்மதி, அல்ஹம்துலில்லாஹ். ஃபாத்திமா பினாங்கின் ஜார்ஜ்டவுனில் வக்ஃபாக, அதாவது அறக்கொடையாக விடப்பட்ட வீடுகளின் வாடகை பற்றிய கட்டுரையை எழுதி முடித்துவிட்டாள் என்பது அதைவிடப் பெரிய மகிழ்ச்சி. இஸ்லாமியப் பொருளாதார இதழுக்கு அனுப்பினால் உள்ளே என்ன நடக்கிறது, ஏன் இத்தனை மாதம் ஆகிறது என்று கேட்டிருந்தாய். விவரமாகவே எழுதுகிறேன். படித்துவிட்டு அவளிடம் கொடுத்துவிடு.

இணையம் வழி அனுப்பிய கட்டுரை நேராக மதிப்பாய்வாளர் கைக்குப் போவதில்லை. முதலில் எடிட்டர் பார்ப்பார். இதழ் எடுத்துக்கொள்ளும் பொருள்தானா, சொல் வரம்புக்குள் இருக்கிறதா, ஜேஇஎல் குறியீடு சரியா என்று சோதிப்பார். வங்கி என்றால் ஜி21, சமயம் என்றால் இசட்12 என்று பொருளாதாரத் துறை முழுதும் புழங்கும் குறியீடு அது. அதைப் பார்த்தே மதிப்பாய்வாளரைத் தேடுகிற எடிட்டர்கள் உண்டு என்பதால் ஏனோதானோ என்று போடக்கூடாது. பிறகு டர்னிட்டின் போன்ற மென்பொருளில் ஒப்புமைச் சோதனை. குர்ஆன் வசன மொழிபெயர்ப்பு, ஹதீஸ், முராபஹா (இலாபத்தைச் சொல்லி விற்பது), இஜாரா (வாடகை ஒப்பந்தம்) வரையறைகள் எல்லாம் எத்தனையோ கட்டுரைகளில் அதே வாசகமாக வருவதால் நம் துறையில் ஒப்புமை விழுக்காடு தானாகவே ஏறிவிடும். நல்ல எடிட்டர் எண்ணோடு நிற்காமல் அறிக்கையைத் திறந்து, எந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பார். முன்னாய்வுகளைச் சொல்லும் பகுதியில் ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து நாலு வரி எடுத்திருந்தால் அது தப்பாது.

பல கட்டுரைகள் இந்தக் கட்டத்திலேயே திரும்பிவிடும். நான் அதிகம் காணும் குறை இதுதான்: வழக்கமான வங்கி மாதிரி ஒன்றை எடுத்து, வட்டி என்ற இடத்தில் இலாப விகிதம் என்று மாற்றி, தலைப்பில் இஸ்லாமியம் என்று சேர்த்திருப்பார்கள். எந்த ஒப்பந்தத்தின்கீழ் அந்த இலாபம் வருகிறது, அதற்கு ஈடாக யார் எந்த நட்டத்தைச் சுமக்கிறார் என்ற கேள்வியே உள்ளே இருக்காது. அதை உடனே திருப்பி அனுப்புவது எழுதியவருக்கும் நல்லது, பல மாதக் காத்திருப்பு மிச்சம்.

அடுத்தது இருதரப்பும் பெயர் அறியாமல் நடக்கும் மதிப்பாய்வு. முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. வேர்ட் கோப்பின் விவரங்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். நன்றியுரையில் எஃப்ஆர்ஜிஎஸ் என்ற அரசு ஆய்வு மானியத்தின் எண் இருக்கும். ‘எங்கள் முந்தைய ஆய்வில்’ என்று ஒரு வரி இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். நன்றியும் மானியமும் தனித் தலைப்புப் பக்கத்துக்குப் போகட்டும், முந்தைய ஆய்வை மூன்றாம் ஆளின் ஆய்வைப் போலச் சுட்டட்டும். இவ்வளவு செய்தாலும் பினாங்கு வக்ஃபைப் பற்றி எழுதுகிறவர்கள் சிலர்தான். அதே தலைப்பில் மாநாட்டில் பேசியிருந்தால் ஊகித்துவிடுவார்கள். ஊகித்தவர் எடிட்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும், அதுதான் முறை.

தாமதம் பெரும்பாலும் ஆள் தேடுவதில்தான். பொருளாதார அளவியல் தெரிந்த ஒருவரும் ஃபிக்ஹ் முஆமலாத், அதாவது கொடுக்கல் வாங்கல் பற்றிய இஸ்லாமியச் சட்டம், படித்த ஒருவரும் வேண்டும். இரண்டையும் ஆழமாகக் கற்றவர் அரிது. இது சம்பளம் இல்லாத வேலை, ஆறேழு பேருக்கு அழைப்பு அனுப்பினால்தான் இரண்டு பேர் ஒப்புக்கொள்வார்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் இருப்பவர், சேர்ந்து எழுதியவர், மேற்பார்வையாளர் எல்லாரையும் விலக்கிவிட்டால் மலேசியாவுக்குள் மிச்சம் குறைவு, ஜித்தாவுக்கோ ஜகார்த்தாவுக்கோ போக வேண்டியிருக்கும். நான்கு வாரத் தவணை கொடுத்தாலும் நோன்பு மாதமும் தேர்வுத் தாள்களும் குறுக்கே வரும். மூன்று மாதத்தில் முதல் முடிவு வந்தால் நல்ல வேகம், ஆறு மாதமும் அதிசயம் இல்லை. மூன்று மாதம் கடந்தபின் மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேட்கலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

ஃபாத்திமா கவலைப்பட வேண்டியது கால அளவைப் பற்றி அல்ல. அவளுடைய வாடகை அட்டவணையை இந்த இரண்டு பேரும் வேறு வேறு கேள்விகளோடு படிப்பார்கள். ஒருவருக்கு மட்டும் பதில் வைத்திருக்கும் கட்டுரைதான் நம் துறையில் அடிபடுகிறது.

பொருளாதாரக்காரர் முதலில் ஆண்டுகளைப் பார்ப்பார். 1948 ஜனவரி 31 வரை கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏறவிடாமல் பிடித்துவைத்திருந்தது. அதை நீக்கும் சட்டம் 1997இல் வந்து, இடைக்காலம் 1999 முடிவில் தீர்ந்தது. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஜார்ஜ்டவுன் சேர்ந்தது. வாடகை ஏறியதற்கு வக்ஃபு நிர்வாகம் சீர்பட்டதுதான் காரணம் என்று அவள் எழுதினால், ‘இந்த இரண்டின் விளைவையும் எப்படிப் பிரித்தாய்?’ என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதே தெருவில் வக்ஃபு அல்லாத கடைவீடுகளின் வாடகையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் பதில் கிடைக்கும். இன்னொன்று, பதிவேட்டில் இன்று இருப்பவை தப்பிப் பிழைத்த வக்ஃபுகள் மட்டுமே. கைமாறிப்போனவையும் பத்திரம் இல்லாமல் மறைந்தவையும் அந்தப் பட்டியலில் இல்லை. அதை அவளே முந்திச் சொல்லிவிடட்டும்.

ஃபிக்ஹ் படித்தவர் அதே எண்ணைப் பார்த்து, ‘இது உஜ்ரத்துல் மிஸ்லா?’ என்று கேட்பார். ஒத்த இடத்துக்கு ஊரில் நிலவும் நியாயமான வாடகைக்குக் குறைவாக வக்ஃபுச் சொத்தை விடலாமா, விட்டால் குறைந்த தொகைக்கு வக்ஃபை நிர்வகிக்கும் முத்தவல்லி பொறுப்பா என்பது ஃபிக்ஹ் நூல்களில் விரிவாகப் பேசப்பட்ட விஷயம். சட்டமே வாடகையைக் கட்டிவைத்த காலத்தில் நியாய வாடகையை எதை வைத்துச் சொல்வது? காதர், இந்தக் கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பொருளாதாரக்காரர் கேட்கும் சந்தை வாடகையும் ஃபிக்ஹ் அறிஞர் கேட்கும் உஜ்ரத்துல் மிஸ்லும் ஒரே கணக்கில் சந்திக்கின்றன. அதை ஒரு தனிப் பகுதியாக அவள் எழுதினால் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைக்கும்.

குத்தகைக் காலமும் கேள்விக்கு வரும். வக்ஃபு வீட்டுக்கு ஓர் ஆண்டு, நிலத்துக்கு மூன்று ஆண்டு என்று ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) அறிஞர்கள் எல்லை வைத்தார்கள். நெடுங்காலம் குடியிருப்பவர் சொத்தையே தனதென்று சொல்லிவிடுவார் என்ற அச்சம் அதற்குக் காரணம். வக்ஃபுச் சொத்தை மாற்றிக்கொள்ளும் இஸ்திப்தாலில் ஷாஃபி மத்ஹப் இறுக்கமானது, ஹனஃபியில் இடம் அதிகம். எந்த மத்ஹபின் நிலையில் நின்று பேசுகிறாள் என்பதை மூல நூலின் பாகம், பக்கத்தோடு சொல்லிவிட்டால், தன் மத்ஹபுக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக மதிப்பாய்வாளர் தள்ளிவிட முடியாது. கடனுக்கு ஒரு பொருளை வாங்கி வேறொருவருக்கு ரொக்கத்துக்கு விற்றுப் பணம் திரட்டும் தவர்ருக் பற்றிய கட்டுரைகள் இதில்தான் சிக்குகின்றன. 2009இல் ஷார்ஜாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி வங்கியே முன்னின்று ஏற்பாடு செய்யும் ‘ஒழுங்கமைக்கப்பட்ட தவர்ருக்’கை ஏற்கவில்லை. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஷரீஆ ஆலோசனை மன்றம் அனுமதிக்கிறது. மலேசியர் ஒருவர் அந்தத் தீர்மானத்தைக் குறிப்பிடாமலே எழுதினால், வளைகுடாவிலிருந்து படிப்பவர் கட்டுரை முழுவதையும் சந்தேகிப்பார். ஹதீஸுக்கும் தொகுப்பின் பெயர் மட்டும் போதாது. பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும் என்பதால் நூல், அத்தியாயம், எண், தரம், பதிப்பு எல்லாம் வேண்டும்.

முடிவுகள் நான்கு வகை: அப்படியே ஏற்பு, சிறு திருத்தம், பெருந்திருத்தம், மறுப்பு. முதல் சுற்றில் அப்படியே ஏற்பு என்பது ஏறக்குறைய நடப்பதில்லை. பெருந்திருத்தம் வந்தால் அவள் மனம் ஒடியக்கூடாது, கதவு திறந்திருக்கிறது என்றே பொருள். ஒருவர் ஏற்கச் சொல்லி மற்றவர் மறுத்தால் மூன்றாமவரைக் கேட்பதும் உண்டு, எடிட்டரே முடிவெடுப்பதும் உண்டு. இரண்டு அறிக்கையையும் எதுவும் சொல்லாமல் அப்படியே அனுப்பிவைப்பது எடிட்டர் வேலை ஆகாது. ஒருவர் ஃபிக்ஹ் பகுதியைச் சுருக்கு என்றும் மற்றவர் விரி என்றும் சொல்லும்போது எதைச் செய்ய வேண்டும் என்று எடிட்டர்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் எழுதிக் கேட்கட்டும், தனக்குப் பிடித்ததைச் சத்தமில்லாமல் தேர்ந்துகொள்ள வேண்டாம்.

பதிலை மூன்று நெடுவரிசை அட்டவணையாகச் செய்வது நல்லது: மதிப்பாய்வாளர் சொன்னது அவர் வாசகத்திலேயே, அவள் செய்தது, புதிய பக்க எண். ஒப்புக்கொள்ளாத கருத்துக்கும் ஆதாரத்தோடு பதில் வேண்டும், ஒன்றைக்கூட விட்டுவிடக்கூடாது. மதிப்பாய்வு நடக்கும்போது இன்னோர் இதழுக்கும் அனுப்புவது கூடவே கூடாது. ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டு கட்டணம் கேட்கும் இதழ் என்றால் அங்கே யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். ஸ்கோப்பஸ் என்ற உலக ஆய்விதழ்ப் பட்டியலையும் நம் நாட்டுப் பட்டியலான மைசைட்டையும் ஒவ்வோர் இதழுக்கும் உரிய ஐஎஸ்எஸ்என் எண்ணை வைத்துச் சரிபார்க்கட்டும். பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது, நல்ல இதழின் பெயரையே போட்டு நடத்தும் போலிகள் உண்டு.

அனுப்புவதற்கு முன் வாடகை அட்டவணையையும் முறையியல் பகுதியையும் எனக்கு அனுப்பச் சொல், பார்த்துக் குறிப்பு எழுதுகிறேன். பெயரோடு ஒருமுறை படித்துவிட்டால், பிறகு எந்த இதழிலிருந்து அந்தக் கட்டுரை மதிப்பாய்வுக்கு வந்தாலும் நான் மறுத்துவிடுவேன். அதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

வீட்டில் எல்லோருக்கும் ஸலாம்.

அன்புடன்,
ஜமால்