சந்தா மார்ச்சில் முடிகிறது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் அனைவரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பாப்பாவுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகிவிட்டது, அவளே சொல்லியிருப்பாள். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதற்கெல்லாம் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில்தான் வருவதில்லை. வேலை அதிகமாக இருக்கும். தாத்தா திவசத்தன்றும் நீ கூப்பிடவில்லை. அம்மா அன்று முழுவதும் கைப்பேசியைச் சமையல்மேடையிலேயே வைத்திருந்தாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. போனில் பேசினால் உனக்கு அவசரமாகிவிடுகிறது, அதனால்தான் மின்னஞ்சல் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

பிளேஸ்டேஷனில் நாம் ஓட்டும் ஞாயிற்றுக்கிழமைக் கார்ப் பந்தயம் நின்று போனதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே பினாங்கில் காலை ஒன்பது மணி, மாண்ட்ரியாலில் உனக்குச் சனிக்கிழமை இரவு எட்டு. அந்த நேரத்துக்கு முன்பே நான் குளித்து, சாமி கும்பிட்டு, நீ வாங்கிக் கொடுத்த ஸ்டீயரிங்கை மேசையில் பொருத்திவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். இப்போதும் பொருத்துகிறேன். ஆன்லைனில் சேர்ந்து ஆட நான் கட்டும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா மார்ச்சில் முடிகிறது. புதுப்பிக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கினேன். வீட்டுக் கன்சோல் பெட்டியில் ஊர்விட்டு ஊர் சேர்ந்து ஆடும் இந்த ஆட்டங்கள் இன்னும் எத்தனை காலம் இருக்கும் என்ற யோசனையில் அது போய் நின்றது. இப்போது நிறையப் படிக்கிறேன். பணி ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

கிரான் டுரிஸ்மோ ஸ்போர்ட் என்ற கார் ஆட்டம் நமக்கு எப்படிப் போனது, நினைவிருக்கிறதா? 2024 ஜனவரி 31ஆம் தேதியோடு அதன் ஆன்லைன் சேவையை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆட்டத்தில் நாம் இருவரும் ஓட்டிய பந்தயங்கள் அதோடு முடிந்தன. ஆனாலும் அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு மேம்படுத்தல் கொடுத்து, இணைப்பு இல்லாமலும் தனியாக ஓட்டும்படி வைத்துவிட்டுப் போனார்கள். அந்தத் தட்டைப் போட்டால் கார்கள் இன்னும் ஓடுகின்றன. யூபிசாஃப்ட் கம்பெனி அதையும் செய்யவில்லை. தி க்ரூ என்று 2014இல் வந்த அவர்களுடைய கார் ஆட்டம், 2024 மார்ச் 31இல் கம்பெனியின் சர்வர் கணினிகளை நிறுத்தியதும் தனியாகக்கூட ஆட முடியாமல் போய்விட்டது. காசு கொடுத்து வாங்கிய தட்டு கையில் இருக்கிறது, உள்ளே ஒன்றும் திறக்காது. அதற்குப் பிறகுதான் ராஸ் ஸ்காட் என்பவர், ஆட்டங்களைக் கொல்லாதீர்கள் என்று இயக்கம் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். என் கட்சியும் அதுதான். சர்வரை எக்காலத்துக்கும் நடத்து என்று எவரும் கேட்கவில்லை. மூடும்போது, ஆடுகிறவர்கள் தாங்களே நடத்திக்கொள்ள ஒரு வழியை விட்டுவிட்டுப் போ என்றுதான் கேட்கிறார்கள். நிண்டெண்டோ 2024 ஏப்ரலில் வீ யூ, 3டிஎஸ் என்ற தன் பழைய கன்சோல்கள் இரண்டின் ஆன்லைன் ஆட்டத்தையும் நிறுத்தியது. ரசிகர்களே சொந்தமாகச் சர்வர் அமைத்து அவற்றை ஓட வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளால் முடிவது கம்பெனிக்கு முடியாதா?

இன்னொன்றும் படித்தேன். மைக்ரோசாஃப்ட் 2002 நவம்பரில் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவையை, முதல் எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்கு மட்டும் 2010 ஏப்ரல் 15இல் நிறுத்தியது. ஹாலோ 2 ஆடிக்கொண்டிருந்தவர்களில் சிலர் பெட்டியை அணைக்காமலே வைத்திருந்தார்கள். புதிதாக எவரும் நுழைய முடியாது, ஆனால் உள்ளே இருப்பவர்கள் இருக்கலாம். அப்படியே சில வாரங்கள் இருந்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக இணைப்பு அறுந்து வெளியே விழுந்தார்களாம். அந்தப் பிடிவாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படித் தூங்காமல் இருப்பது உடம்புக்கு ஆகாது. நீ நேரத்துக்குத் தூங்கு.

தூக்கம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. கார்த்திகை மாதம் முழுவதும் எனக்கு இரவில் சரியாகத் தூக்கம் வரவில்லை. பதினொரு மணி வாக்கில் பெட்டியைத் திறந்தால் நண்பர்கள் பட்டியலில் நீ இணைப்பில் இருப்பதாகக் காட்டும். அது செவ்வாயாகவோ புதனாகவோ இருக்கும். உனக்கு அப்போது காலை பத்து மணி. வீட்டிலிருந்து வேலை செய்கிறான், எதையாவது சோதித்துப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று அம்மாவிடம் சொன்னேன். பொங்கலுக்குப் பிறகு நீ இணைப்பில் இல்லை என்றே எப்போதும் காட்டுகிறது. இணைப்பில் இருந்துகொண்டே இல்லாததுபோல் காட்டிக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது என்று நீதான் எனக்குக் காட்டினாய். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

2024 ஆகஸ்ட் 23இல் கான்கார்ட் என்ற ஆட்டத்தைச் சோனி வெளியிட்டது. செப்டம்பர் 6ஆம் தேதி சர்வரை நிறுத்திவிட்டார்கள். இரண்டே வாரம். வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. அதை உருவாக்கிய ஸ்டூடியோவை மூடுவதாக அக்டோபரில் அறிவித்தார்கள். பல வருடம் உட்கார்ந்து கட்டிய ஆட்டம். ஆட்டம் தோற்றதைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். கட்டியவர்கள் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்திருப்பார்கள் என்றுதான் எனக்கு யோசனை ஓடியது. அதே வருடம் ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும், பிப்ரவரியில் சோனி 900 பேரையும் குறைக்கப்போவதாகச் சொன்னார்கள். இத்தனை பேரும் வேலை தெரியாதவர்களா? அவர்கள் பெற்றோர் அதற்காக அவர்களைக் குறைவாக நினைத்திருப்பார்களா?

காரணமும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஃபோர்ட்நைட் 2017இலிருந்து ஓடுகிறது, இலவசம். ரோப்லாக்ஸ் 2023 அக்டோபரில் பிளேஸ்டேஷனுக்கும் வந்துவிட்டது, அதுவும் இலவசம். பிள்ளைகளின் கூட்டாளிகள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள். கூட்டாளிகளை விட்டுவிட்டுப் புது ஆட்டத்துக்குக் காசு கொடுத்து எவன் தனியாகப் போய் நிற்பான்? சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் ஆள் குறைந்தால் எதிராளி கிடைக்கக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கச் சலித்து இன்னும் ஆள் போவார்கள், பிறகு காலியான சர்வருக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். ஆட்டம் நன்றாக இருந்தாலும் இது நடக்கும். இதில் சர்வரைப் பார்த்துக்கொள்பவனின் தவறு எதுவும் இல்லை. நான் சொல்வது சரிதானே? இதை நீ எனக்கு ஒரு வரியிலாவது எழுது.

பெட்டிகளுக்கு இடையே இருந்த வேலியும் விழுந்துகொண்டிருக்கிறது. 2018 செப்டம்பர்வரை, ஃபோர்ட்நைட்டில் பிளேஸ்டேஷன்காரனும் எக்ஸ்பாக்ஸ்காரனும் சேர்ந்து ஆட முடியாது, சோனி விடவில்லை. உன் சுங்கை பட்டாணி மாமா மகனோடு நீ ஆட முடியாமல் சண்டை போட்டது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது சோனி தன் ஹெல்டைவர்ஸ் 2 ஆட்டத்தையே 2025 ஆகஸ்டில் எக்ஸ்பாக்ஸில் விற்கத் தொடங்கிவிட்டது. இனி எந்தப் பெட்டி என்பது பெரிய விஷயமாக இருக்காது என்று நினைக்கிறேன். வேலி விழுவது ஆடுகிறவனுக்கு நல்லது. சந்தாவைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பிளேஸ்டேஷன் 3இல் ஆன்லைன் ஆட்டம் இலவசமாக இருந்தது. 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்ததும் கட்டணம் வைத்தார்கள். நிண்டெண்டோ 2018இல் வைத்தது. இலவச ஆட்டத்துக்கு மட்டும் சந்தா வேண்டாம். அப்படியென்றால் காசு கொடுத்து ஆட்டத்தை வாங்கியவன்தான் இரண்டாம் முறையும் கட்டுகிறான். இது நெடுநாள் நிற்காது.

தூரத்தைத்தான் எந்தக் கம்பெனியாலும் குறைக்க முடியாது. அது எனக்குத் தெரிந்த தொழில். ஒளியிழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். நம் இருவருக்கும் நடுவே நேராக 15,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், போய்த் திரும்ப 150 மில்லிநொடி. கடலுக்கு அடியில் கம்பி நேராகப் போவதில்லை, வழியில் எத்தனையோ நிலையங்கள், அதனால் பிங் என்கிற இந்தப் போய்த் திரும்பும் நேரம் இன்னும் ஏறும். உன் கார் எங்கே இருக்கிறது என்ற செய்தி எனக்கு வந்து சேர்வதற்குள் நீ அந்த இடத்தைத் தாண்டியிருப்பாய். அதனால் என் பெட்டி ஒரு கணிப்புப் போட்டு உன் காரை வரைகிறது. கணிப்பு தவறினால் கார் துள்ளி வேறிடத்துக்குப் போகும். நம் பந்தயத்தில் வளைவுக்கு வளைவு உன் கார் துள்ளுவதைப் பார்த்துப் பாப்பா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அந்தத் துள்ளலைக் குறைப்பதுதான் என் மகனின் வேலை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். தண்ணீர்மலை முருகன் கோவிலில் பார்க்கிறவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் எவரோ ஊடுருவி, மூன்று வாரத்துக்கு மேல் அது முடங்கிக் கிடந்தது. 7 கோடியே 70 லட்சம் கணக்குகள். நீ அப்போது பள்ளியில் படிவம் மூன்று. மற்ற பிள்ளைகள் எப்போது வரும் என்று கேட்டார்கள். நீ என்னிடம், இதை யார் அப்பா உட்கார்ந்து சரி செய்கிறார்கள் என்று கேட்டாய். மழைக்காலத்தில் தெருக்குழிக்குள் இறங்கித் தொலைபேசிக் கம்பி இணைத்தவனுக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியாது. தென்னாப்பிரிக்காவிலிருந்து கடலடியில் வரும் சேஃப் கம்பி நம் பினாங்கில்தான் கரையேறுகிறது என்று உனக்கு அப்போதுதான் காட்டினேன். நான் செம்புக் கம்பி இணைத்தேன், நீ அதன்மேல் ஓடுவதைப் பார்த்துக்கொள்கிறாய். செம்புக்கு நாள் முடிந்து ஒளியிழை வந்தபோது எங்களில் பாதிப் பேர் புதிதாகக் கற்றோம். கம்பி மாறியது, இணைக்கத் தெரிந்தவன் எல்லா இடத்திலும் தேவைப்பட்டான். இதை நீ நன்றாக மனத்தில் வை.

இங்கே நிலவரம் எப்படி என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், வேறு எதற்கும் இல்லை. சோனியே கோலாலம்பூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறது. பண்டாய் நாம்கோவும் வைத்திருக்கிறது. மற்றபடி, சர்வர் தெரிந்தவனுக்கு விளையாட்டுக் கம்பெனிதான் வேண்டும் என்று கட்டாயமா? வங்கிக்கும் மருத்துவமனைக்கும் சர்வர் இருக்கிறது. உன் பெயரில் போட்ட அமானா சஹாம் சேமிப்புப் பணத்தை நான் தொடவே இல்லை, அப்படியே இருக்கிறது. உன் அறையில் பாப்பா துணி காயப்போடுகிறாள்; ஒரு நாளில் எடுத்துவிடலாம். அங்கே விசாவுக்கு ஏதாவது கெடு இருந்தால் கடைசி நாள்வரை இழுக்காதே. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் முழுவதும் படி. முழுவதும் படி, தம்பி. நேரத்துக்குத் தூங்கு. குளிரில் வெறும் ரொட்டியைத் தின்று காலம் தள்ளாதே.

நீ இங்கே கிடைத்த வேலையை விட்டுவிட்டுப் போனபோது நான் ஒரு வார்த்தை தடுத்தேனா? மாமா என்னவெல்லாம் சொன்னார்! ஒன்றையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவனிடம் எதையும் மறைக்கத் தேவையில்லை. மாமா இப்போது தன் மகனுக்கு உன் கம்பெனியில் இடம் கிடைக்குமா என்று கேட்கிறார். அவனுக்கு வேலை நேரம் ஒத்துவராது என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன். இனி உன்னிடம் கேட்க மாட்டார்.

தைப்பூசம் நெருங்குகிறது. வெள்ளித் தேர் வரும் வழியில் உன் பெயரில் தேங்காய் உடைக்க அம்மா ஏற்பாடு செய்திருக்கிறாள். என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடத்துக்கு எடுத்தால் மாதக் கணக்கில் மலிவு. ஆனால் நீ இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் ஒரே பெட்டியில், ஒரே திரையில் மாறி மாறி ஓட்டிக்கொள்ளலாம், அதற்குச் சந்தாவே வேண்டாம். கடையில் மூன்று மாதத்துக்கும் கொடுக்கிறார்கள். ஒரு வருடமா, மூன்று மாதமா, வேண்டாமா என்பதை மட்டும் எழுது. ஒரு சொல் போதும். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா