பாலாற்றின் முகத்துவாரம் வரை

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள கண்ணு,

நானும் நைனாவும் கடற்கரைக்குப் போனது எப்படி இருக்கிறது என்று போனில் நீ கேட்டதற்கெல்லாம் "ம்" என்று மட்டும் சொன்னேன். அங்கே சிக்னல் லட்சணம் அப்படி. இப்போது விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் தங்கியது சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பஸ் மாறி மாறிப் போனோம். லாட்ஜ் என்று பேர்தான். கீற்றுக் கூரை, சிமெண்ட் தரை, கயிற்றுக் கட்டில், ஒரு ஃபேன். உங்க நைனா முகம் போன போக்கைப் பார்த்து, அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிவிடுவோம் என்று நினைத்தேன். மத்தியானம் கடல்காற்று ஏறியது பார், பனியனோடு திண்ணையில் சாய்ந்தவர் காபிக்குக்கூட எழவில்லை. ரிடையர் ஆன பிறகும் ஏழு மணிக்கே சட்டை மாட்டுகிற மனுஷன்!

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை, மீன் கிடைக்குமா என்று பயந்தேன். தடை விசைப்படகுக்குத்தானாம். குப்பத்து ஃபைபர் படகுகள் விடியலில் வந்து மணலில் ஏறின. அங்கேயே ஏலம். சங்கரா மீனைச் செவுள் தூக்கிப் பார்த்த என்னை அந்தப் பெண்கள் கேலி செய்தார்கள். ஐஸில் வந்த மீனைப் பார்த்தே பழகிய கை, என்ன செய்ய? நான் கொண்டுபோன இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயை லாட்ஜ்காரம்மா கருவாட்டோடு போட்டுக் குழம்பு வைத்தாள். என் கைப்பக்குவத்தைவிட ஒரு படி மேல்தான். நைனாவிடம் இதைச் சொல்லாதே.

டச்சுக்காரர் கோட்டையையும் பார்த்தோம். நம்ம வேலூர்க் கோட்டை அகழிக்கே காணாது என்று நைனா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஒருநாள் ஆட்டோ பிடித்து, கல்பாக்கம் தாண்டி வாயலூர்ப் பாலத்துக்குப் போனோம். பாலாறு கடலில் சேர்வது அங்கேதான். உன் தாத்தா அஸ்தியைக் கரைக்க நம்ம ஊர்ப் பாலாற்றில் தண்ணீரே இல்லாமல், மணலில் ஊற்றுத் தோண்டிக் கரைத்தோமே, அந்தக் குறை நைனாவுக்கு இன்னும் போகவில்லை. வேலூரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்த 2021 நவம்பர் வெள்ளத்தில்கூட இவர் மட்டும் பேசாமல் நின்றார். வாயலூரில், கடல் பக்கம் கையைக் காட்டி, "அந்த வெள்ளத்துல அப்பா இங்க வந்து சேந்திருப்பாரு இல்ல?" என்றார். "வந்திருப்பாரு" என்றேன். பிறகு ஆட்டோக்காரரிடம் வாடகை பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த லீவுக்கு நீ பெரிய ரிசார்ட் எதுவும் புக் பண்ணாதே. அங்கேயே போவோம். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், புயலும் மழையுமாக இருக்கும். மாசியில் வந்தால் பங்குனி ஆமை என்கிற கடலாமை கரையேறி முட்டையிடுமாம், குழந்தைக்குக் காட்டலாம். பாத்ரூமில் வெந்நீர் வராது, கொசுவத்தி நாமே கொண்டுபோக வேண்டும். மருமகளிடம் இப்போதே சொல்லிவை.

அன்புடன்,
அம்மா